மகளை விடுதியில் விடப் போனோம்

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருக்கும் என் மச்சாளுடைய மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது அந்த வீட்டில் எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். அந்த வளவில் பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை அவள். மச்சாள் தாந்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்து, அயலுக்கெல்லாம் கொடுத்தார். ஆனால் வந்தாறுமூலையில் விடுதியும் கிடைத்திருக்கிறது என்று இரண்டாவது செய்தி வந்த அன்று அவருடைய முகம் மாறிவிட்டது. "விடுதி எதுக்கு, வீட்டில இருந்தே போய் வரட்டும்" என்றார்.

நான் அதை முதலில் சாதாரணமாகத்தான் எடுத்தேன். தனித்து வளர்த்த பிள்ளை, பிரிய மனமில்லை. எல்லாத் தாய்மாருக்கும் உள்ளதுதானே. வயதுப் பிள்ளை, ஊர் என்ன சொல்லும், செலவு எவ்வளவு வரும் என்று அவர் அடுக்கிய காரணங்களும் நாம் எல்லோரும் கேட்டுப் பழகியவைதான். ஆனால் படுவான்கரையிலிருந்து வந்தாறுமூலைக்குத் தினமும் போய் வருவதென்றால் காலை இருட்டோடு புறப்பட வேண்டும், பஸ் மாற வேண்டும், திரும்பி வர இரவாகிவிடும். நெல்லு வட்டைக்குள்ளால் வரும் அந்த றோட்டில் மாலைக்குப் பிறகு யானைப் பயம் வேறு. இதையெல்லாம் மகள் சொன்னாள். நானும் சொன்னேன். மச்சாள் ஒன்றும் பேசவில்லை.

பிறகுதான் எனக்கு விளங்கியது. மச்சாள் பிறந்தது கொக்கட்டிச்சோலையில் அல்ல. அவர் சித்தாண்டிப் பக்கம். 1990ஆம் ஆண்டு அவருக்குப் பதின்மூன்று வயது. அந்த வருடம் ஆனி மாதம் சண்டை தொடங்கியதும் அவருடைய குடும்பம் ஓடிப்போய் இருந்தது அதே வந்தாறுமூலை வளாகத்தில்தான். கலியாணம் முடித்துப் படுவான்கரைக்கு வந்த பிறகு அவர் பிறந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் அந்த இடத்தைக் கடக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருப்பாராம். "நித்திரை எண்டு நினைச்சன்" என்றாள் மகள்.

கடைசியில், "மாமி, நீங்களும் வாங்க. நீங்க வந்தா அம்மா வருவா" என்று அந்தப் பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அதனால்தான் நான் போனேன். போன வழியையும் பார்த்த இடத்தையும் எழுதுகிறேன். இதே வழியால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய தாய்மார் எமது மாவட்டத்தில் இன்னும் பலர் இருப்பார்கள்.

காலை ஆறு மணிக்கே பஸ் எடுத்தோம். ஒரு பயணப் பெட்டி, ஒரு வாளி, சுருட்டிக் கட்டிய பாய், தலையணை, ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் கூனிச் சம்பல். மண்முனைப் பாலத்தில் ஏறும்போது வெயில் வாவியின் மேல் பட்டுக் கொண்டிருந்தது. அந்தப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் இங்கே பாதைதான். மோட்டார் சைக்கிள், சைக்கிள், நெல்லு மூடை, பிள்ளைத்தாச்சி என எல்லோரும் ஒரே பாதையில் காத்திருந்து ஏறிக் கடந்ததை மறக்க முடியாது. காற்றடித்தால் பாதை ஓடாது. சண்டைக் காலத்தில் அது ஓடுவதும் நிற்பதும் நம் கையில் இருக்கவில்லை. படுவான்கரைப் பெண்பிள்ளைகளின் படிப்பு எத்தனை தடவை இந்தத் தண்ணீரோடு நின்றுபோனது என்று ஒருவரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான இந்த வாவியைப் பற்றி, மீன் பாடும் தேன்நாடு என்று எல்லோரும் புகழ்வார்கள். அது எங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது என்பதை எழுவான்கரை ஆட்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஆரையம்பதி, காத்தான்குடி கடந்து கல்லடி. உப்போடையில் இறங்கிச் சுவாமி விபுலானந்தரின் சமாதியைக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று மகள் முன்னமே சொல்லியிருந்தாள். மச்சாளும் மறுக்கவில்லை. வந்தாறுமூலையை அரை மணித்தியாலம் தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்தது என்று அவர் நினைத்திருக்கலாம்.

சிவானந்த வித்தியாலயத்தின் வளவுக்குள் அந்தச் சமாதி அமைதியாக இருக்கிறது. 1892இல் காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, 1924இல் துறவியாகி, 1929இல் இந்தப் பாடசாலையைத் தொடங்கியவர் அவர். தமக்குத் துறவு தந்த சிவானந்தரின் பெயரைத்தான் பாடசாலைக்கு வைத்தார். யாழ் நூல் அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே, ஒன்றரை மாதம் செல்வதற்குள் காலமானார். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு அதிலும் பெரிதாகத் தெரிவது பாடசாலையோடு சேர்ந்திருக்கும் மாணவர் இல்லம். தாய் தகப்பன் இல்லாத, அல்லது இருந்தும் சோறு போட வழியில்லாத பிள்ளைகளுக்கு முதலில் படுக்க ஓர் இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் வேண்டும், பாடம் அதற்குப் பிறகுதான் ஏறும் என்று தெரிந்த ஒருவர்தான் இப்படிச் செய்வார். சமாதிக் கல்லில் அவரே இயற்றிய பாடல் இருக்கிறது. மகள் அதை வாய்க்குள் பாடினாள். மச்சாள் அங்கே கிடந்த இரண்டு சருகைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்.

ஆனால் அந்த இல்லத்தில் இருந்தவர்கள் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிப்பது வேறு கதை. இலங்கையில் அது தொடங்கியது இரு நூறு வருடங்களுக்கு முன். 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, பிள்ளையைத் தாருங்கள் என்று வீடு வீடாகக் கேட்க வேண்டியிருந்தது. படித்து முடிக்கும் பிள்ளைக்கு மிசன் சீதனமும் கொடுத்தது. சீதனம் கொடுத்துத்தான் பெண்ணைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது என்பதை யோசித்தால் சிரிப்பும் வரும், வேறு ஏதோவும் வரும். எமது மட்டக்களப்பில் வின்சன்ட் மகளிர் பாடசாலை அதற்கும் முந்தியது, 1820. வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் இங்கு வந்து பள்ளி தொடங்கி, அடுத்த வருடம் சித்திரையிலேயே இறந்துபோனார். அவர் போட்ட மெதடிஸ்த விதையில் முளைத்ததுதான் அதுவும்.

பள்ளிப் படிப்பு இப்படி. பல்கலைக்கழகம் என்றால், 1952 முதல் பேராதனை. அங்கே பெண்களுக்கென்று சங்கமித்தை மண்டபம், ஹில்டா ஒபயசேகர மண்டபம். ஆண்களுக்கு எங்கள் ஆட்களின் பெயரிலேயே இராமநாதன் மண்டபம், அருணாசலம் மண்டபம். மலைச்சரிவும் பூமரமுமாய் அந்த மண்டபங்களின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். என் அம்மாவின் தங்கை ஒருவர் எடுபட்டும் போகவில்லை. "கண்டியில கொண்டுபோய்ப் பொம்புளப் புள்ளய விடுறதா?" என்று அப்பு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். 1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் வந்தது. 1977இலும் 1983இலும் நடந்தவற்றுக்குப் பிறகு தெற்குப் பக்கம் பிள்ளையை அனுப்ப ஆண் பிள்ளையின் தகப்பனே யோசித்தான். அப்படியான ஒரு காலத்தில், 1981இல், மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையில் தொடங்கியது. பிரிக்க முடியாத விசயம் இது. பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகமும் அதில் ஒரு விடுதியும் இல்லாவிட்டால் எங்கள் பெண்களில் எத்தனை பேர் பட்டதாரி ஆகியிருப்பார்கள்?

கல்லடிப் பாலத்தைக் கடந்தோம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலம். பஸ் நிலையத்தில் தேநீர் குடித்து வாழைச்சேனை பஸ்ஸில் ஏறினோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று காலையில் நாம் வந்த வழியும் இனிப் போகப் போகும் வழியும் ஒரே நேர் றோட்டுத்தான். அந்த றோட்டில் 1990ஆம் ஆண்டு ஆவணி, புரட்டாதியில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் வீடுகளில் வைத்துக் கொல்லப்பட்டார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். செப்ரெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை. செப்ரெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடிக் கிராமங்களின் தமிழ் மக்கள், கைக்குழந்தை உட்பட, இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. எல்லாம் நாற்பது நாட்களுக்குள். சத்துருக்கொண்டானில் றோட்டோரம் நினைவுத் தூபி நிற்கிறது. பஸ் அதைத் தாண்டும்போது டிரைவர் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தார்.

ஏறாவூரில் இரண்டு முஸ்லிம் பெண்கள் ஏறினார்கள். ஒருவருக்கு மச்சாள் தள்ளி இடம் கொடுத்தார். பெட்டியையும் வாளியையும் பார்த்து, "மகள் கெம்பஸுக்கா?" என்று அந்தப் பெண் கேட்டார். "ஓம்" என்றார் மச்சாள். "என்ட மகளும் போன வருசம்தான் முடிச்ச. நல்லாப் படிக்கட்டும்" என்றுவிட்டு அவர் செங்கலடியில் இறங்கிப் போனார். செங்கலடிச் சந்தியில் பதுளை றோட்டு பிரிகிறது. கொம்மாதுறை தாண்டியதும் மச்சாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். இந்த முறை மகள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இண்டைக்கு இறங்கோணும்."

மட்டக்களப்பு நகரத்திலிருந்து வடக்கே பதினாறு கிலோமீற்றர் அளவில் இருக்கிறது வந்தாறுமூலை. மகாவிஷ்ணு கோயிலும் வயலும் தென்னந்தோப்புமாக உள்ள பழைய ஊர். பல்கலைக்கழகம் வருமுன்னர் அந்த வளவில் இருந்தது வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம். கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், 1940களில், நாட்டின் கிராமப் பகுதிகளில் எழுப்பப்பட்ட மத்திய பாடசாலைகளின் வழியில் வந்தது அது. அந்தப் பாடசாலைகள் ஏன் முக்கியம் என்றால், அவற்றோடு விடுதி இருந்தது. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளை காசு கட்டாமல் அங்கே தங்கி, சாப்பிட்டு, ஆங்கிலமும் விஞ்ஞானமும் படிக்கலாம். அதுவரை ஆங்கிலப் படிப்பு பட்டணத்து மிசன் பள்ளிகளில், காசு உள்ளவனுக்கு. 1945இல் இலவசக் கல்வி வந்தது என்று நாம் சொல்கிறோம். வகுப்பறை இலவசமாகி என்ன, காட்டோரத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு வகுப்பறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் வேண்டாமா? அந்தக் கட்டில்தான் மத்திய பாடசாலை விடுதி. கூத்தை ஆராய்ந்து மேடைக்குக் கொண்டுவந்த பேராசிரியர் மௌனகுரு வந்தாறுமூலையில் படித்த பிள்ளைதான். பின்னர் இதே மண்ணில் அவர் நுண்கலைத் துறைப் பேராசிரியராகவும் இருந்தார்.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பில் ஒரு கூரையையும் விட்டுவைக்கவில்லை. ஏறக்குறைய ஆயிரம் உயிர்கள் போயின. அதிலிருந்து ஊர்கள் எழும்பிக்கொண்டிருந்தபோதுதான் 1981இல் மத்திய மகா வித்தியாலயத்தின் வளவில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. விஞ்ஞானம், விவசாயம் என்று சிறிதாகத் தொடங்கியது. 1986 ஒக்ரோபர் 1ஆம் திகதி அது முழுப் பல்கலைக்கழகமானது. நாலு வருடம் போகவில்லை, அது அகதி முகாமானது.

வாசலில் காவலாளி பேரைப் பதிந்தார். உள்ளே நிழல். வளாகத்தில் எனக்கு முதலில் மனதில் பட்டது மரங்கள்தான். மச்சாளும் மரங்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பெரிய மரத்தின் கீழ் நின்று, "இதுதான்... இல்ல, இது இல்ல" என்றார். பிறகு இன்னொன்று. கட்டிடங்களில் பழையவை சில, புதியவை பல. ஓட்டுக் கூரையும் நீள விறாந்தையுமாய் ஒரு கட்டிடத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். "நாங்க இப்பிடி ஒரு விறாந்தையிலதான் இருந்தம். எங்கட அம்மா பாய விரிச்சுப் பிடிச்ச இடம். எட்டுக் குடும்பம்." அது அதே விறாந்தையா என்று அவருக்கே உறுதியில்லை. தூண்களை எண்ணினார். ஒத்துவரவில்லை போலும்.

அந்த நாட்களில் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பல்லாயிரம் பேர் இந்த வளாகத்துக்குள் வந்திருந்தார்கள். விரிவுரை மண்டபம், விடுதி, விறாந்தை, மரத்தடி, எல்லா இடமும் சனம். பல்கலைக்கழக ஆசிரியர்களும் ஊழியர்களுமே முகாமை நடத்தினார்கள். மூன்று கல் வைத்து ஆக்குவது, தண்ணீருக்கு வரிசையில் நிற்பது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பது, மாதச் சுகவீனத்துக்குத் துணி தேடுவது, இருட்டில் ஒதுங்கப் போகும் பெண்ணுக்கு இன்னொரு பெண் துணை போவது. முகாமில் இருந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

செப்ரெம்பர் 5ஆம் திகதி காலை இராணுவத்தினர் வந்தார்கள். ஆண்களை வயதுப்படி வரிசைகளில் நிற்க வைத்தார்கள். முகத்தை மூடிய ஆட்கள் முன்னால் அந்த வரிசைகள் நடத்தப்பட்டன. 158 பேர் பிரித்து எடுக்கப்பட்டு பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். அதே மாதம் 23ஆம் திகதி மேலும் 16 பேர். முகாமை நடத்தியவர்கள் பேர்ப் பட்டியல் எழுதி அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். கொண்டுபோகப்பட்டவர்கள் ஒருவரும் வீடு திரும்பவில்லை. 1994இல் நியமிக்கப்பட்ட வடக்கு கிழக்குக்கான ஜனாதிபதி ஆணைக்குழு இதை விசாரித்தது. ஆனாலும் இதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2018இல் காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் திறக்கப்பட்டபோது, அந்தத் தாய்மாரில் உயிரோடு இருந்தவர்கள் மறுபடியும் போம் நிரப்பினார்கள். செப்ரெம்பர் 5இல் உறவினர்கள் இங்கே கூடி விளக்கேற்றுகிறார்கள்.

மச்சாளுடைய அண்ணன் அந்த வரிசையில் நின்றவர். அதைப் பற்றி மகள் முன்னால் அவர் பேசியதே இல்லை. அந்த நீள விறாந்தையின் படியில் உட்கார்ந்துதான் பேசினார். அதிகம் இல்லை. "மாமாக்கு அண்டைக்கு நான் தேத்தண்ணி குடுக்கல்ல. சீனி முடிஞ்சிது. சீனி வாங்கிற்று வந்து ஊத்துவம் எண்டு அம்மா சொன்னா. அதான்." மகள் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் இஞ்ச இருக்கட்டா அம்மா, இல்லாட்டி பஸ்ஸில வந்து போறதா? நீங்க சொல்லுங்க" என்றாள்.

அந்தக் கேள்வியை அவள் நேராகக் கேட்டது எனக்கு நன்றாகப் பட்டது. எங்கள் காலத்தில் பிள்ளைகள் கேட்பதில்லை, பெரியவர்கள் சொல்வதும் இல்லை. உள்ளுக்குள் வைத்துக்கொண்டே இருந்துவிடுவோம். மச்சாள் உடனே பதில் சொல்லவில்லை. "விடுதியப் பாப்பம் முதல்ல" என்று எழும்பினார்.

பெண்கள் விடுதிக்குப் போகும் வழியில் சிங்களத்தில் கதைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் ஈரத்தலையோடு போனார்கள். இப்போது நாட்டின் எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். வாசலில் தாய் தகப்பன்மார் கூட்டம். ஒரு தகப்பன் புதுத் தும்புத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு துவக்கு மாதிரி நின்றதைப் பார்த்து மகளுக்குச் சிரிப்பு. தகப்பன்மார் உள்ளே போக முடியாது. தாய்மார் சாமான் வைக்கப் போகலாம் என்றார் பொறுப்பாளர். கண்ணாடி போட்ட, சத்தம் போடாத மனுசி. மச்சாள் அவரிடம் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுதுகிறேன், மற்றத் தாய்மாருக்கும் உதவும்: இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவது? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது? வீட்டுக்கு வரும்போது எழுதிவிட்டு வர வேண்டுமா? தண்ணீர் எந்த நேரம் வரும்? பகிடிவதை இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அவருடைய குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். 1997இல் பேராதனையில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவன் பகிடிவதையால் இறந்த பிறகு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை இப்போது சிறைக்குப் போகக்கூடிய குற்றம். ஆனாலும் பிள்ளைகள் பயத்தில் வீட்டுக்குச் சொல்வதில்லை. சொல்லலாம், சொன்னால் ஏச மாட்டேன் என்று புறப்படுமுன்னரே தாய் சொல்லி வைப்பது நல்லது. செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1981இல் தொடங்கிய மகாபொல உதவியோ, அது கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழக உதவிப் பணமோ வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் முதல் காசு கைக்கு வர மாதக்கணக்காகலாம். அதுவரைக்கும் கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். கிராம சேவையாளரின் கடிதம், வருமானச் சான்று, பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றிலும் இரண்டு மூன்று பிரதி எடுத்து ஒரு பைலில் போட்டுக் கொடுங்கள். இடம்பெயர்வில் பத்திரம் தொலைத்த குடும்பங்கள் இதைக் கடைசி நாளுக்கு விடக் கூடாது. மச்சாள் தன் பத்திரங்களை இன்றைக்கும் ஷொப்பிங் பையில் சுற்றித் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறார். ஓட வேண்டி வந்தால் எடுக்க.

அறை சின்னது. கட்டில்கள், மேசைகள், சுவரோடு ஓர் அலுமாரி, கொடியில் யாரோ காயப்போட்ட துவாய். பிள்ளை ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தாள். மச்சாள் ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், எடுத்தார், மறுபடியும் போட்டார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். நாற்பத்தெட்டு வயது மனுசி முழங்காலில் இருந்து ஒரு விடுதிக் கட்டிலின் கீழே என்ன தேடினார் என்று நான் கேட்கவில்லை. பிறகு எழும்பித் தும்புத்தடி வாங்கிவந்து அறை முழுக்கக் கூட்டினார். மற்றப் பிள்ளைகளின் கட்டிலுக்குக் கீழும் கூட்டினார். பாயை விரிக்காமல் நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையணைக்கு உறை போட்டார். அந்த நேரம்தான் அவர் முடிவு செய்திருக்க வேண்டும். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தி தாயோடு உள்ளே வந்தாள். அந்தத் தாயும் தாழ்ப்பாளைப் போட்டுத்தான் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "எந்த ஊரு?" "கொக்கட்டிச்சோல. பிறந்தது இஞ்சால, சித்தாண்டி." அவ்வளவுதான். சித்தாண்டி என்றதும் அந்த மனுசியின் முகத்தில் ஏதோ ஓடியது. வயது இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். அந்த ஆவணியில் அவர் எங்கே ஒளிந்திருந்தாரோ. இருவரும் அதைப் பேசவில்லை. சாப்பாட்டுச் சாலையில் மீன் நல்லாயிருக்குமா என்று பேசினார்கள்.

திரும்பும்போது மச்சாள் அந்த நீள விறாந்தையடியில் மறுபடியும் நின்றார். கைப்பையில் இருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். சீனி. அதை ஒரு மரத்தடியில் அவிழ்த்துக் கொட்டினார். எறும்பு வரும்வரைக்கும் நிற்பார் போல இருந்தது. "பஸ் போயிரும், மச்சாள்" என்றேன். வந்தார்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் இருந்தார். கண்ணை மூடவில்லை. மதில் முடியும்வரை கிறுகிக் கிறுகிப் பார்த்துக்கொண்டு வந்தார். செங்கலடியில் கச்சான் வாங்கினோம். மட்டக்களப்பு வரைக்கும் அவர் அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குக் கச்சான் பிடிக்குமாம். தோலை மற்றவரின் சட்டைப் பைக்குள் போடுவாராம்.

இரவு எட்டு மணிக்கு மகள் தொலைபேசி எடுத்தாள். நான் அன்றைக்கு மச்சாள் வீட்டில் தங்கியிருந்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டோம். கூனிச் சம்பல் முடிந்துவிட்டதாம். அறையில் நாலு பேர், பக்கத்து அறையிலிருந்து மூன்று பேர், சிங்களப் பிள்ளை ஒருத்தி உறைப்பில் அழுதுகொண்டே சாப்பிட்டாளாம். அடுத்த கிழமைக்கு இரண்டு போத்தல் வேண்டுமாம், பெரிய போத்தல்.

"ரெண்டு போத்தல் கூனிக்கு நான் எங்க போற?" என்று ஏசிக்கொண்டே மச்சாள் எழும்பி, தேங்காய் எத்தனை கிடக்கிறது என்று பார்க்கக் குசினிக்குள் போனார்.